ஊதாச்செடி முறிந்த மதியம்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. பக்கத்து வீட்டு அமலோற்பவம் அக்கா தன் தொங்குதொட்டிச் செடியில் நீண்டு மெலிந்துபோன நுனிகளைக் கிள்ளி, அதே தொட்டி மண்ணில் செருகும்போதெல்லாம் இதைச் சொல்வார். இலையின் மேலே வெள்ளி வரி, அடியில் ஊதா.

"இது கடல் தாண்டி வந்த செடி, அக்கா. இதுக்கு எப்படி நம்மகிட்ட கதை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்ம ஊர்ல நடந்ததுன்னு நான் சொன்னேனா தம்பி? வெயில் எல்லா ஊர்லயும்தான் அடிக்குது."

அவர் சொன்னது இது.

செடிகளின் பேச்சு பிராணிகளுக்கும் புரிந்த அந்தக் காலத்தில், இந்தச் செடி முழுப் பச்சையாக இருந்தது. மலைப்பாறை ஒன்றின் விளிம்பில் நெட்டுக்குத்தாக நின்றது. தண்டு முழுக்கக் கணு, வளைந்தால் ஒடிந்துவிடும். காற்று வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அதன் காலடியில், பாறைக்குழியில் தேங்கிய மழைத்தண்ணீரில், ஒரு தவளை முட்டையிட்டிருந்தது. அவை பொரிந்து, கால் முளைக்காத தலைப்பிரட்டைகள் நீந்தின. அந்த வருடம் மழை பாதியில் நின்றுபோனது. குழித்தண்ணீர் வற்றி வற்றி உள்ளங்கை அளவானது.

தவளை பாறைக்கு அப்பால் நின்ற பெரிய மரத்திடம் நிழல் கேட்டது. "என் நிழல் சாயங்காலம்தான் அந்தப் பக்கம் வரும். அதுவரை உன் பிள்ளைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்" என்றது மரம்.

பிறகு தவளை செடியிடம் வந்தது.

"நீ கொஞ்சம் சாய்ந்தால் போதும்."

"சாய்ந்தால் முறிந்துவிடுவேன்."

"முறிந்தால் செத்துப்போவாயா?"

"தெரியாது. எங்களில் முறிந்தவர் யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை."

தவளை வாயில் தண்ணீர் கொண்டுவர ஓடைக்குப் போனது. அது வரும் வழியிலேயே வாய் காய்ந்துவிடுவதைச் செடி ஏற்கெனவே பார்த்திருந்தது.

உச்சி வெயிலில் செடி சாய்ந்தது. கணுக்கள் முறியும் சத்தம் மலை முழுக்கக் கேட்டதாம். துண்டு துண்டாக விழுந்து செடி குழியை மூடியது. சூரியன் அதன் இலைகளில் இழுத்த சூடு வெள்ளி வரிகளாயிற்று. ஒரு கதிரும் உள்ளே இறங்காமல் இலைகள் வெயிலைக் குடித்துத் தேக்கின. குடித்த வெயில் அடிப்புறம் ஊதாவாக உறைந்தது.

தவளை திரும்பி வந்து இலையை விலக்கியது. தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. முறிந்த கணுக்களிலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"இது என்ன?" என்றது தவளை.

"தெரியவில்லை. காலையில் இது எனக்கு இல்லை" என்றது செடி.

அந்த மதியத்திலிருந்துதான் இந்தச் செடி நிமிர்ந்து நிற்காமல் படர்ந்து தொங்குகிறது. கணுவோடு ஒடித்து எங்கே செருகினாலும் பிழைக்கிறது. வெயில் எட்டாத மூலையில் வைத்தால் ஊதா வெளுத்துப்போகிறது.

போன மாதம் அக்கா தந்த ஒரு நுனியை டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்திருந்தேன். ஒரு காலையில் கணுவில் வெள்ளை நூல். டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் தொட்டியின் முன் நின்று நுனி கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இப்ப நாம ஒடிக்கிறப்ப, திரும்ப வேர் வரும்னு இதுக்குத் தெரியுமா? இல்ல, ஒவ்வொரு தடவையும் அன்னைக்கு மாதிரி தெரியாமத்தான் முறியுதா?"