உடையாத பக்கத்துக் கத்தி

சென்னிமலைப் பக்கம் ஒரு சின்ன மடம். ஆறு ஏக்கர் தென்னை, ஒரு கிணறு, ஓட்டு வீடு, எட்டுப் பேர். அவ்வளவுதான்.

மடத்துக்குத் தலைவி வேலாத்தாள். ஐம்பது வயது. எல்லாருக்கும் தாயி. அவர் யாரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார். கலெக்டர் வந்தாலும் நீ, கழுதை வந்தாலும் நீ.

நாச்சிமுத்து அங்கே ஏழு வருஷமாகச் சீடர். வயது அறுபத்துமூன்று. அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருஷம் டிராக்டர் மெக்கானிக்.

அந்த வருஷம் மழை கூடுதல். தென்னைக்குள் புல் இடுப்பளவு நின்றது. தேங்காய் விழுந்தால் சத்தம் கேட்கும், காய் கிடைக்காது. பாம்பு இரண்டு தடவை சமையல்கட்டு வரை வந்து பார்த்துவிட்டுப் போனது. நல்லவேளை, யாரோ ஒரு பக்தர் பழைய சின்ன டிராக்டர் ஒன்றைக் கொடுத்திருந்தார். இருபத்திரண்டு ஹெச்.பி.

“அது பின்னாடி மாட்டிப் புல்லடிக்கிற மெஷின் ஒண்ணு பாரு” என்றார் தாயி. “இங்க உனக்குத்தான் தெரியும்.”

“அதுல ரெண்டு தினுசு இருக்குதுங்க தாயி. ஒண்ணு, கத்தியை போல்ட்டுப் போட்டு முறுக்கி வச்சிருக்கும். அப்படியே சுத்தும். கல்லுல பட்டா உடையும். இல்லைனா கல்லைத் தூக்கி ஆள் மேல அடிக்கும்.”

“இன்னொண்ணு?”

“ஃபிளெய்ல் மோவருங்க. உருளையில கத்தி வரிசையாத் தொங்கும். சுத்தறப்ப நீட்டிக்கும். கல்லு பட்டா மடங்கிக்கும். தாண்டினதும் மறுபடி நீட்டிக்கும்.”

“நம்ம காட்டுல கல்லு இருக்குதா?”

“கல்லுக்கு நடுவுலதாங்க காடு இருக்குது.”

“அப்ப மடங்கறதைப் பாரு.”

பார்க்கப் போனார். முதலில் காங்கயம். வெறுங்கையோடு வந்தார்.

“கனம் ஜாஸ்திங்க தாயி. நம்ம டிராக்டர் அதைத் தூக்கினா முன்சக்கரம் மேல எழும்பிரும். வரப்புல ஏறறப்ப கவுத்து விட்டுரும்.”

சரி என்றார் தாயி.

அடுத்த வாரம் ஊதியூர்.

“அகலம் பத்தாதுங்க. சக்கரத்துக்கு வெளிப்புறம் வரைக்கும் மெஷின் நீண்டு இருக்கணும். இல்லைனா சக்கரம் மிதிச்ச புல்லு படுத்துக்கும். மெஷின் தாண்டினதும் எந்திரிச்சு நிக்கும். வெட்டினதும் ஆச்சு, வெட்டாததும் ஆச்சு.”

சரி என்றார் தாயி.

அதற்கடுத்த வாரம் தாராபுரம்.

“அது சுத்தியல் மாதிரி கத்திங்க. தென்னமட்டையைக்கூட நொறுக்கிரும். ஆனா நம்ம டிராக்டருக்கு அந்தத் தம் கிடையாது. பாதி வரிசையில மூச்சடைச்சு நின்னுரும். நமக்கு வேணுங்கறது கவட்டை மாதிரி விரிஞ்ச கத்தி.”

சொன்னதெல்லாம் நிஜம். ஒரு சொல் பொய் கிடையாது. தாயி தென்னை ஓலையிலிருந்து ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“காங்கயம். ஊதியூர். தாராபுரம். எல்லாம் தெற்க” என்றார்.

“ஆமாங்க.”

“ஈரோட்டுல கடை கடையா விக்குதுன்னாங்க. அது வடக்க இருக்குது.”

“இருக்குமுங்க.”

“அடுத்தது எங்க?”

நாச்சிமுத்து மேல்துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். “தாராபுரம் தாண்டி, உடுமலை ரோட்டுல. ஒரு தோட்டத்துல இருக்குதாமுங்க. கை மாத்தற மெஷின்.”

“போயிட்டு வா.”

தாராபுரத்திலிருந்து உடுமலை ரோட்டில் பதினெட்டாவது கிலோமீட்டரில்தான் அவர் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது. பெயர் பூங்கோதை. ஒரே மகள்.

மனைவி செத்த மூன்றாம் மாதம் நாச்சிமுத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அழுதால் இவரால் வர முடியாது. அதுதான் கணக்கு. அவள் ஊர் ஊராக விசாரித்து ஒருநாள் மடத்து வாசலில் வந்து நின்றாள். கையில் சோற்றுத் தூக்குப்போசி.

“மௌன விரதத்துல இருக்காருன்னு சொல்லுங்க” என்று உள்ளேயிருந்து சொல்லி அனுப்பினார். விரதம் அந்த நிமிஷம்தான் ஆரம்பித்தது.

புளி வைக்கிற அறையில் ஒரு சின்னச் சாளரம் உண்டு. அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் நின்றாள். பிறகு போனாள். அதற்கப்புறம் வரவே இல்லை.

ஏழு வருஷத்தில் நாச்சிமுத்துவுக்குத் தியானம் ஓரளவு கைவந்தது. கண்ணை மூடினால் எல்லாம் விலகும். தூக்குப்போசி மட்டும் விலகாது.

தாராபுரத்துக்குப் போன அன்றுகூட, மெஷின் பார்த்தது கால் மணி நேரம். உடுமலை போகிற பஸ்கள் நிற்கும் இடத்தில் நின்றது ஒரு மணி நேரம். ஏறவில்லை. கண்டக்டர் ஒருத்தன், “சாமி, ஏறறீங்களா, இல்ல பஸ்ஸை ஆசீர்வாதம் பண்ணறீங்களா?” என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தார்.

நாலாம் தடவை ஏறிவிட்டார். இடது பக்கம் ஜன்னலோரம். அந்தப் பக்கம்தான் மகள் ஊர் வரும்.

மெஷின் விற்கிறவர் குழந்தைசாமி. நல்ல பருமன், வாய் ஓயாத ஆள். பெரிய டிராக்டர் வாங்கிவிட்டார். சின்னதுக்கான மெஷின் இனி அவருக்கு எதற்கு?

நாச்சிமுத்து அதைச் சுற்றி வந்தார். சாணால் அகலம் அளந்தார். நாலு அடிக்குக் கொஞ்சம் மேல். சக்கரத்தை மூடும். குனிந்து உள்ளே கைவிட்டுக் கத்திகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். எல்லாம் கவட்டைக் கத்தி. எல்லாம் தடையில்லாமல் ஊஞ்சலாடின. பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். பின் உருளையைத் தூக்கி இறக்கினார்.

“என்னங்க, பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்க?” என்றார் குழந்தைசாமி.

“டிராக்டரைப் போடுங்க.”

டிராக்டர் உறுமியது. மெஷினைத் தரைக்கு மேல் அரையடி தூக்கி ஓடவிடச் சொன்னார். மடியிலிருந்து ஒரு சில்வர் தம்ளரை எடுத்தார். வாய் வரை தண்ணீர் நிரப்பி, மெஷினின் இரும்பு மூடி மேல் வைத்தார்.

“டீ வேணுமுன்னா சொல்லலாமுங்க. வூட்டுல போட்டுத் தருவாங்க.”

நாச்சிமுத்து தண்ணீரையே பார்த்தார். மேலே சிறு நடுக்கம் ஓடியது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

கனம் சரி. அகலம் சரி. கத்தி சரி. ஆட்டமும் இல்லை. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குறை எங்கேயாவது இருக்கும். இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கே இந்த மெஷின் மடத்துக்குப் போய்விடும். அப்புறம் இந்த ரோட்டில் அவருக்கு என்ன வேலை?

குறை கிடைக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது.

“தாயிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேனுங்க.”

குழந்தைசாமி சிரித்தார். “இப்பிடிச் சொல்லிட்டுப் போன நாலு பேர் இன்னும் கேட்டுட்டே இருக்காங்க.” உள்ளே போய்ப் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தார். “இதுல ரெண்டு கத்தி இருக்குது. புதுசு. கொண்டு போய்க் காட்டுங்க. இதைத் திருப்பிக் குடுக்கவாவது வருவீங்களே.”

நாச்சிமுத்து வாங்கிக்கொண்டார்.

“சந்தேகமுன்னா போற வழியில பாத்துக்கங்க. இதே மெஷின் தெற்கால தோட்டத்துல இன்னொண்ணு ஓடுது. ரெண்டும் ஒண்ணா வாங்கினது. அந்தப் பொண்ணே ஓட்டுது. புருசங்காரன் மில்லுக்குப் போயிருவான். தோட்டம் பூராவும் அதுதான்.”

“எந்தப் பொண்ணு?”

“பூங்கோதைன்னு பேரு.”

நாச்சிமுத்து பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு நடந்தார்.

கிளுவை வேலி. உள்ளே தென்னை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு முன்பே காது சொல்லிவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடறல். கட், கட், கட். வேலிக்கால் கல்லில் கையை வைத்தார். கல்லிலேயே அதிர்வு தெரிந்தது.

ஒரு கத்தி இல்லை. உடைந்து விழுந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் ஓட்டுகிறாள்.

வேலி இடுக்கில் கண்ணை வைத்தார். புடவைக்கு மேல் ஆண் சட்டை, தலையில் துண்டு. முதுகுதான் தெரிந்தது. வரிசை முடிவில் திரும்பும்போது பின்சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தாள். அவள் அம்மாவும் அப்படித்தான், எதைத் தாண்டினாலும் ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள்.

டிராக்டர் இவரை நோக்கி வந்தது. முகம் தெரியப் போகிறது.

நாச்சிமுத்து உட்கார்ந்துவிட்டார். அறுபத்துமூன்று வயது மனிதர், மடத்துச் சாமி, வேலிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, முழங்காலுக்குள் தலையை விட்டுக்கொண்டு. மெஷின் நாலடி தூரத்தில் கட், கட் என்று தாண்டியது. வெட்டிய புல்லின் வாசம் மேலே வந்து விழுந்தது. சத்தம் தூரம் போனதும் எழுந்து ரோட்டுக்கு வந்தார். பஸ் ஏறினார்.

மடத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தாயி வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“இந்த மெஷின் கனம் ஜாஸ்தியா, அகலம் பத்தாதா?”

“ரெண்டும் சரிங்க.”

“கத்தி?”

“சரிங்க. தம்ளர்ல ஒரு சொட்டு சிந்தலீங்க.”

“அப்ப எங்க மெஷின்?”

மாடு குடித்து முடித்தது. தாயி வாளியைக் கவிழ்த்து வைத்தார். காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்க வரும்.

“பக்கத்துத் தோட்டத்துல ஒரு மெஷின் ஓடுதுங்க” என்றார் நாச்சிமுத்து. “ஒரு கத்தி இல்லைங்க. ஆட்டம் ஆடுது. பத்து நாள் தாங்கும். அப்புறம் பேரிங் போயிரும். உருளை கழண்டா, ஓட்டறவங்க மேல...”

“சொன்னியா?”

“இல்லீங்க.”

“மெக்கானிக்குதானே நீ?”

“ஆமாங்க.”

“வேற யார் தோட்டமா இருந்தாலும் சொல்லியிருப்பியா?”

“வேலி தாண்டிக் குதிச்சு நிறுத்தியிருப்பனுங்க.”

தாயி அவர் மடியைக் காட்டினார். “அது என்ன?”

பொட்டலத்தை அவிழ்த்துக் கொடுத்தார். இரண்டு கத்திகள். தாயி ஒன்றை எடுத்துக் கையில் எடை பார்த்தார்.

“இது அதுக்குப் பொருந்துமா?”

“பொருந்துமுங்க. ரெண்டும் ஒரே மெஷின்.”

“விடிஞ்சதும் இதைக் கொண்டு போய்க் குடு.” ஒன்றை மட்டும் நீட்டினார்.

“ஒண்ணு பத்தாதுங்க தாயி.”

“ஒண்ணுதானே உடைஞ்சுதுன்னே?”

“உடைஞ்சது ஒண்ணுதாங்க. ஆனா மாத்தறப்ப நேர் எதிர்ல இருக்கறதையும் கழட்டிட்டு மாத்தணும். சோடியாத்தான் மாத்தணும்.”

“எதிர்ல இருக்கறது என்ன தப்புப் பண்ணுச்சு?”

“தப்பெல்லாம் இல்லீங்க. அது உடையாமத்தான் இருக்குது. ஆனா இத்தனை நாள்ல தேஞ்சிருக்கும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தேஞ்சதுன்னு இருந்தா எடை ஒப்பாது. ஆட்டம் நிக்காது.”

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

தாயி இன்னொரு கத்தியையும் எடுத்து முதல் கத்தியோடு வைத்தார். அதே செய்தித்தாளில் சுற்றினார். அவர் கையில் வைத்தார்.

“நம்ம மெஷின் எப்பங்க தாயி?”

“புல்லு எங்கயும் போகாது.”

நாச்சிமுத்து நகரவில்லை. பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

“உள்ள விடலைனா?”

“வாசல்ல நில்லு.”

“எவ்வளவு நேரமுங்க நிக்கறது?”

தாயி மாட்டை அவிழ்த்துக் கொட்டிலுக்கு ஓட்டினார். பாதி தூரம் போய்த் திரும்பினார்.

“அவ எவ்வளவு நேரம் நின்னா?”

நாச்சிமுத்துவுக்குத் தெரியும். சாளரத்தைவிட்டு அவர் நகரவே இல்லையே. பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டார்.