ஏரி மண்ணைத் திருப்பிக் கேட்ட ராஜா

ரொம்ப காலத்துக்கு முன்னால் மஞ்சனூர் என்ற நாட்டைக் கனகவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஓர் ஆணை போடுவார், சாயங்காலம் அது அவருக்கே மறந்துபோகும். மறக்காமல் இருக்கிற ஆணைகள்தான் நாட்டைப் படாதபாடு படுத்தும்.

அந்த வருஷக் கோடையில் மஞ்சனூர்ப் பெரிய ஏரி வற்றித் தரை தெரிந்தது. உடனே அமைச்சர் மாசிலாமணி ஊர் ஊராகத் தண்டோரா போடச் சொன்னார்: "ஏரியில் படிந்திருக்கும் வண்டல் மண்ணை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போய் வயலில் கொட்டலாம்! வரி கிடையாது!" ஏரியும் ஆழமாகும், வயலுக்கும் எரு கிடைக்கும். சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். போகிற வழியெல்லாம் மாசிலாமணியை வாழ்த்திக்கொண்டே போனார்கள்.

அந்த வாழ்த்து தானாபதி கோதண்டத்தின் காதில் விழுந்தது. அரண்மனை நிர்வாகத்தைப் பார்க்கிற ஆள். அடுத்தவரை யாராவது புகழ்ந்துவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. நேரே ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, பெரிய ஏரி யாருடையது?"

"என்னுடையது. இதில் என்ன சந்தேகம்?"

"அதில் இருக்கிற மண்?"

"அதுவும் என்னுடையதுதான்."

"அதைத்தான் குடியானவர்கள் வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். இப்படியே விட்டால் ஏரி இருந்த இடத்தில் வெறும் பள்ளம்தான் மிஞ்சும்!"

ஏரி என்றாலே பள்ளம்தானே என்று ராஜா யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "என் ஏரி மண்ணை எடுத்தவர்கள் எல்லாரும் திருப்பிக் கொண்டுவந்து போட வேண்டும்! அதுவரை அவர்களுடைய வண்டியும் மாடும் அரண்மனைக் கொட்டிலில் நிற்கட்டும்!" என்று கத்தினார்.

மறுநாள் காலையில் சடைச்சி என்ற குடியானவப் பெண் மாசிலாமணியின் வாசலில் வந்து நின்றாள். அழுகையா கோபமா என்று சொல்ல முடியாத முகம்.

"உங்க தண்டோராவை நம்பித்தானய்யா மண்ணு அள்ளினேன். மேட்டுக்காட்டுல கொட்டி உழுதும் ஆச்சு. கலந்துபோன மண்ணை எப்படிப் பிரிச்சு எடுக்கிறது? மழை இப்பவோ அப்பவோன்னு நிக்குது. மாட்டைப் புடிச்சுக் கட்டிட்டா நான் எதை வெச்சு விதைப்பேன்? இந்த வெள்ளாமையும் போச்சுன்னா எம் புள்ளைங்களுக்கு என்னத்தய்யா குடுப்பேன்?"

மாசிலாமணி மேல்துண்டை எடுத்துப் போட்டார். சபைக்கு ஓடினார். எவ்வளவோ எடுத்துச் சொன்னார்.

"சொன்னது சொன்னதுதான், அமைச்சரே!" என்றார் ராஜா.

"ஆகட்டும், மன்னா. ஆணை எல்லாருக்கும் பொதுதானே?"

"எல்லாருக்கும்தான். அரண்மனையில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்!"

"அப்படியே நிறைவேற்றுகிறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார் மாசிலாமணி. அந்த மனுஷர் இவ்வளவு பணிவாகக் கும்பிட்டால் கொஞ்சம் பயப்பட வேண்டும். ராஜாவுக்கு அது தெரியவில்லை.

அடுத்த நாள் நல்ல வெயில். ராஜா குளிர்ந்த தண்ணீர் கேட்டார். சேவகன் தலையைச் சொறிந்தான்.

"பானை ஏரிக்குப் போயிருக்கு, மகாராஜா. ஏரிக் களிமண்ணில் செய்ததாம்."

"சரி, சாப்பாட்டையாவது போடச் சொல்!"

சமையற்காரர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "அடுப்பு இல்லை, மகாராஜா. பொங்கலுக்கு முன்னால் ஏரி மண்ணெடுத்துப் போட்ட அடுப்பு. காலையிலேயே இடித்து மூட்டை கட்டிவிட்டார்கள்."

ராஜா வாயைத் திறப்பதற்குள் கோதண்டம் தலைப்பாகை அவிழ ஓடிவந்தார். "மகாராஜா! என் புது மாளிகையில் ஆட்கள் ஏறி ஓட்டைப் பிரிக்கிறார்கள்! அடுத்தது சுவராம்! மேலே பார்த்தால் மழை மேகம்!"

பின்னாலேயே மாசிலாமணி வந்தார். கூடவே சடைச்சியும் வந்தாள்.

"ஆணைப்படிதான் நடக்கிறது, மன்னா. ஓடும் செங்கல்லும் ஏரி மண். எல்லாரையும்விட அதிகமாக அள்ளியவர் தானாபதி. அதனால் அங்கே ஆரம்பித்தேன்."

"அநியாயம்!" என்று அலறினார் கோதண்டம். "பிசைந்து, அறுத்து, சூளையில் சுட்டு, எவ்வளவு பாடு! பாடுபட்ட பிறகு அது ஏரி மண்ணா? என் வீடு!"

"உழுது கலந்த பிறகு அது ஏரி மண்ணா, சடைச்சியின் காடா?" என்று கேட்டார் மாசிலாமணி.

கோதண்டம் அவிழ்ந்த தலைப்பாகையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சடைச்சி துணிந்து ஒரு வார்த்தை சொன்னாள். "அந்த வண்டல் எங்கேருந்து ஏரிக்கு வந்துச்சு, ராசா? வருஷா வருஷம் எங்க காட்டு மண்ணைத்தான் மழைத்தண்ணி அரிச்சுக்கிட்டு வந்து போடுது. அதை நாங்க ஒரு நாளும் உங்ககிட்டத் திருப்பிக் கேக்கலையே."

ராஜா சடைச்சியைப் பார்த்தார், கோதண்டத்தைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆணையை ரத்து செய்கிறேன்! மாடுகளை அவிழ்த்து விடுங்கள்!" சடைச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரிதாக மூச்சு விட்டாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மாசிலாமணிக்கு முத்துமாலை கிடைத்தது. கோதண்டத்துக்கு மண்வெட்டி கிடைத்தது. மழை வரும்வரை குடியானவர்களின் வண்டியில் மண் அள்ளிப் போடுவது அவர் வேலை. நாலாம் நாள் மழை கொட்டியது. ஆழமான ஏரி சொட்டு விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது. சடைச்சி அதற்குள் விதைத்து முடித்திருந்தாள்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு, எல்லாரும் கலைந்த பிறகும் ராஜாவின் பசி மட்டும் கலையவில்லை. புது அடுப்புப் போட மண் வேண்டும். கொட்டிலுக்கு வெளியே சடைச்சி, கடைசி நடை மண்ணோடு பிடிபட்டிருந்த தன் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நாட்டை ஆளுகிற ராஜா கூடையோடு அவள் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, அடுப்புக்குக் கொஞ்சம் மண் கொடுக்கிறாயா?"

சடைச்சி கூடையை வாங்கி, குவியலாக நிரப்பிக் கொடுத்தாள்.

"கொண்டு போங்க, ராசா. திருப்பித் தர வேணாம்."