ஜூஸ் கடைக்குப் பழப்படம் எடுத்த சொரிமுத்து

நாணல்குளத்தில் முட்டாள்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மற்றவர்கள் எல்லாம் அவ்வப்போது முட்டாள்தனம் செய்கிறவர்கள். ஒரு நாள் கூட லீவு போடாமல் அதையே தொழிலாகச் செய்தவர்கள் மேலத்தெரு அண்ணன் தம்பிகள் மூன்று பேர்தான். மூத்தவன் சொரிமுத்து, அடுத்தவன் மாசானம், கடைக்குட்டி பூதப்பாண்டி. கடைக்குட்டி என்றதும் பையன் என்று நினைத்துவிடாதீர்கள், அவனுக்கும் முப்பத்தேழு வயது. இருந்த வாழைத்தோட்டத்தை இவர்களுடைய அப்பா குத்தகைக்கு விட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார். பெற்றவருக்குத் தெரியாதா பிள்ளைகளின் லட்சணம்.

மூவரில் கல்யாணம் ஆனவன் சொரிமுத்து மட்டும். அவன் பெண்சாதி இசக்கியம்மாள் பதினோரு வருஷம் அந்த வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு நாள் விறகடுப்பில் பாலை வைத்துவிட்டு, பொங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு இருங்கள் என்று சொல்லித் தண்ணீர் பிடிக்கப் போனாள். மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தார்கள். பால் பொங்கியது. வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வாசல்படி வரைக்கும் ஓடியது. சொன்ன வேலை முடிந்தது என்று மூவரும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

அன்றைக்கே அவள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கடையத்திலிருக்கும் தன் தம்பி கொம்பையா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "மூணு பேரும் சேந்து ஒரு வேலையை, ஒரே ஒரு வேலையை, சொன்னபடி முழுசாச் செஞ்சு காட்டுங்க. அன்னைக்கு வாரேன்."

சொரிமுத்து அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். உயிரைத் தவிர வைக்க அவனிடம் வேறு ஒன்றும் இல்லை, மூளை உட்பட. அவள் வருகிறவரை முகம் மழிப்பதில்லை என்று சபதம் போட்டான். இரண்டு வாரத்தில் தாடையெல்லாம் முள்ளு முள்ளாக நின்றது. மாசானம் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போயிற்று. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் உட்காருகிற பலகையைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது. கொம்பையா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜூஸ் கடை போடுகிறான், வெள்ளிக்கிழமை திறப்பு. கடை போர்டுக்குப் பழங்களை வைத்து ஒரு போட்டோ வேண்டும். அதை நீங்கள் வீட்டில் வைத்தே எடுத்து வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவருக்கு அனுப்புங்கள், சரியாக வந்தால் வெள்ளிக்கிழமையே உங்களோடு வந்துவிடுகிறேன் என்றாள். சும்மா கிடக்கிற பழத்தைப் படம் எடுப்பதையும் கெடுத்துவிட முடியுமா என்று அவளுக்கு ஒரு நப்பாசை. பதினோரு வருஷம் கூட இருந்தவளுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான நப்பாசைதான்.

எப்படி எடுக்க வேண்டும் என்று ஃப்ளெக்ஸ்காரர் சொன்னதை அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, மாசானம் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். வீட்டில் அன்றாடம் சாப்பிடுகிற பழமாக இருக்கட்டும். எண்ணிக்கை ஒற்றைப்படையில் வரட்டும். வெளிச்சம் ஒரு பக்கத்து ஜன்னலிலிருந்து மட்டும் விழ வேண்டும். பின்னால் ஒரு சாமானும் தெரியக் கூடாது. தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். எடுக்கிறவர் கை ஆடக் கூடாது. அவ்வளவுதான். ஊரில் யாரைக் கேட்டாலும் கால் மணி நேர வேலை என்பார்கள்.

சொரிமுத்து உடனே சந்தைக்குப் போய் பலா ஒன்று, மாம்பழம் மூன்று, கொய்யா மூன்று, வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி வந்து கூடத்தில் பரப்பினான். பரப்பிய பிறகுதான் முதல் வரியே இடித்தது.

"அன்னாடம் சாப்பிடுத பழம்னு சொல்லியிருக்கா. நாம அன்னாடமா பழம் சாப்பிடுதோம்?" என்று கேட்டான்.

"இல்லையே அண்ணே."

"அப்ப இன்னையிலயிருந்து சாப்பிடணும்."

மாசானம் நெற்றியைச் சுருக்கினான். "சாப்பிட்டா தீந்துபோவும். தீந்துபோன பழத்தை எப்படிண்ணே படம் எடுக்க?"

"சாப்பிடாம எடுத்தா அது சாப்பிடுத பழம் இல்லல்லா. ஒம் மைனிகிட்டப் பொய் சொல்லச் சொல்லுதியா?"

இந்த முடிச்சு மத்தியானம் வரை அவிழவில்லை. கடைசியில் பூதப்பாண்டிதான், எல்லாப் பழத்திலும் தினம் ஒரு கடி கடித்து வைத்தால் சாப்பிட்டதாகவும் ஆகும், பழம் இருந்ததாகவும் ஆகும் என்றான். அண்ணன்மார் இருவரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். அந்த வீட்டில் அறிவு என்றால் அதுதான்.

அப்படியே திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கடித்தார்கள். பலாவை மாசானம் கடித்தான், மேல்தோலோடு. பலாப்பால் உதட்டில் ஒட்டி வாய் மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி வந்து தேங்காயெண்ணெய் தடவச் சொல்லும் வரைக்கும் அவனால் பேச முடியவில்லை. அந்த அரை நாள் அந்த வீட்டில் புத்திசாலி ஒருவன் இருப்பது போலத் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை பழங்களை எப்படி உட்கார வைப்பது என்ற பேச்சு வந்தது. அவர்கள் தங்கள் ஆயுளில் போட்டோ எடுத்துப் பார்த்தது கல்யாண வீட்டில் மட்டும். அங்கே மூத்தவர்கள் நாற்காலியில், மற்றவர்கள் பின்னால், குழந்தை குட்டிகள் தரையில். முறை தவறினால் சம்பந்தி கோபித்துக்கொண்டு பந்தியை விட்டு எழுந்து போய்விடுவார், அதை அவர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள்.

"பலா பெரியவர். அவருக்குத்தான் நடு நாற்காலி" என்றான் சொரிமுத்து.

"பெரிய உடம்புன்னா மூத்தவரா? கொய்யாதான் சந்தைக்கு முதல்ல வந்ததுன்னு கடைக்காரர் சொன்னாரே" என்றான் மாசானம்.

"வாழைச் சீப்பு ஒரே குடும்பம். அதைப் பிரிச்சு நிறுத்தப்படாது, பாவம்" என்றான் பூதப்பாண்டி.

பதினோரு மணிக்குப் பலாவை நாற்காலியில் ஏற்றினார்கள். கழுத்து எது என்று தெரியாததால் மாலை போடவில்லை.

அடுத்தது ஒற்றைப்படை. எண்ணிப் பார்த்தால் எட்டு வந்தது. ஒன்றைக் குறைக்க வேண்டும் என்று பூதப்பாண்டி ஒரு கொய்யாவைத் தின்றான். அதே நேரம் மாசானமும், அதே பொறுப்புணர்ச்சியோடு, ஒரு மாம்பழத்தைத் தின்றான். எண்ணினால் ஆறு. திரும்பவும் ஆளுக்கு ஒன்று தின்றார்கள். நாலு. வாழைச் சீப்பை ஒன்று என்று எண்ணியிருந்ததால், முழுச் சீப்பையும் தின்றால்தான் ஒன்று குறையும் என்று மாசானம் கஷ்டப்பட்டுத் தின்று முடித்தான்; அதற்குள் மிச்சமிருந்த மாம்பழத்தைப் பூதப்பாண்டி தின்றிருந்தான். இரண்டு. கடைசியாக இருந்த ஒரு கொய்யாவுக்கு இருவரும் சேர்ந்து கை நீட்ட, பூதப்பாண்டி முந்திக்கொண்டான். அதனால்தான் கணக்கு ஒன்று என்று ஒற்றைப்படையில் நின்றது. நாற்காலியில் பலா மட்டும் தனியாக இருந்தது.

சொரிமுத்து வாசலுக்குப் போய் வெயில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தான். சாயங்காலம் படம் போகாவிட்டால் இசக்கி வர மாட்டாள். சத்தம் போட்டுத் தம்பிகளை விரட்டினான். கட்டில், பீரோ, பெட்டி, கண்ணாடி, சாமி படம், காலண்டர் எல்லாவற்றையும் தெருவில் கொண்டுபோய் வைத்தார்கள். கூடம் துடைத்து வைத்தது போல் ஆயிற்று. தெருவில் போனவர்கள் வீடு காலி பண்ணுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டார்கள், பாவம்.

கூடத்துக்குக் கிழக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல். ஒன்றைச் சாத்தினால் போதும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். மாசானம் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கிழக்கு ஜன்னலை மறைத்தபடி விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் நன்றாக உள்ளே விழுந்தது.

கை ஆடாமல் இருக்க, சொரிமுத்துவின் வலது கையைக் கூடத்து மரத்தூணோடு கயிறு போட்டுக் கட்டினான் பூதப்பாண்டி. கட்டை விரல் மட்டும் அசையலாம். பிறகு தண்ணீர் தெளிக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த தண்ணீர் தெளிப்பு ஐயர் வந்து வீட்டுக்குப் புண்ணியாகவாசனம் செய்கிற தெளிப்புதான். செம்பில் மாவிலையை முக்கி மூலை மூலையாகத் தெளித்தான், பலாவுக்குத் தெளித்தான், கூடியிருக்கிறவர்களுக்கும் தெளிப்பதுதானே வழக்கம் என்று அண்ணன் முகத்திலும் நன்றாகத் தெளித்தான். போனும் நனைந்துவிட்டது. அதைத் தன் சட்டையில் அழுந்தத் துடைத்து அண்ணன் கையில் வைத்தான். துடைத்த துடைப்பில் விரல் எங்கேயோ பட்டு, போன் பழத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சொரிமுத்துவைப் பார்க்க ஆரம்பித்தது. அது யாருக்கும் தெரியாது.

சொரிமுத்து இசக்கியை நினைத்துக்கொண்டான். மூச்சு விட்டால் உடம்பு ஆடும், உடம்பு ஆடினால் கை ஆடும். அதனால் மூச்சை இழுத்துக் கன்னம் இரண்டும் உப்ப அடக்கினான். கண் இமைத்தாலும் ஆடுமே என்று கண்களை இறுக மூடிக்கொண்டான். ஜன்னலுக்கு வெளியே குடைக்குப் பின்னாலிருந்து மாசானம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். சொரிமுத்து அழுத்தினான்.

கட்டை அவிழ்த்துவிட்டு மூவரும் படத்தைச் சுற்றி நின்றார்கள்.

"முள்ளு நல்லா விழுந்திருக்கு" என்றான் மாசானம். "பலாதான்."

"பலாவுல ஏதுண்ணே மச்சம்? நடுவுல காம்பு வேற நீட்டிக்கிட்டு இருக்கு" என்றான் பூதப்பாண்டி.

சொரிமுத்து நாற்காலியிலிருந்த பலாவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். மச்சம் இல்லை. நடுவில் காம்பும் இல்லை. கண்ணாடியோ தெருவில் கிடந்தது. இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது.

"கடைக்காரர் கொசுறா ஒண்ணைப் போட்டிருப்பாரு. நாம கவனிக்கல. என்ன பழமோ, பழுத்த பழம்தான்" என்று அவன் தீர்ப்புச் சொன்னான்.

பத்திரிகையை எடுத்துச் சரிபார்த்தார்கள். வெளிச்சம் ஒரு பக்கம்தான் விழுந்திருந்தது. பின்னால் ஒரு சாமான் இல்லை. மேலே நீர்த்துளிகள் முத்து முத்தாக நின்றன. எண்ணிக்கை ஒன்று. துளிக்கூட ஆடவில்லை. சொரிமுத்து பத்திரிகையை மடித்து மடியில் செருகிக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவன் கைபட்டு உருப்பட்ட முதல் காரியம் அது. நாலே முக்காலுக்குப் படத்தை அனுப்பினான்.

ஃப்ளெக்ஸ்காரரிடம் கொம்பையா, அத்தான் அனுப்புகிற படத்தை அப்படியே பெரிதாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு ஐஸ் பெட்டி வாங்க அலைந்துகொண்டிருந்தான். அவரோ காதுகுத்து, பிறந்தநாள், கட்சி, கண்ணீர் அஞ்சலி என்று இருபது வருஷமாக முகம் முகமாக அடித்துத் தள்ளுகிறவர். ஜூஸ் கடைக்கு ஒரு முகம் வந்ததில் அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பத்து அடிக்கு அடித்துக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை சகோதரர்கள் வெள்ளை வேட்டி கட்டி பஸ் ஏறிப் போனார்கள். கடை முன்னால் கூட்டம் கூட்டமாக நின்று எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொம்பையா தலையில் கை வைத்து மிக்ஸிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இசக்கியம்மாள் கல்லாவுக்கு அருகே நின்றாள். அவள் முகத்தில் கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

சொரிமுத்து போர்டை அண்ணாந்து பார்த்தான். பெருமை தாங்கவில்லை. தன் படத்தைப் பார்க்கத்தான் இத்தனை கூட்டம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றான்.

"மாப்ளே, மேல போட்டிருக்கே அந்தப் பழம், அதுல எனக்கொரு ஜூஸ் போடுங்க. நான் இதுவரைக்கும் குடிச்சதில்ல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இசக்கியம்மாள் போர்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். வெளிச்சம், துளி, பின்னணி என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் சரிபார்த்தாள். சொன்னதில் ஒன்றும் குறையவில்லை. தானே கொடுத்த வாக்கில் தானே மாட்டிக்கொண்டது அவளுக்குப் புரிந்தது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய்த் துணிப்பையை எடுத்து வந்தாள்.

"அந்தப் பழம் கடையில கிடைக்காதுங்க. நம்ம வீட்டுலதான் கிடக்கு, பதினோரு வருசமா. வாங்க, போவோம்" என்றாள்.

பஸ்ஸில் சொரிமுத்துவுக்குச் சந்தோஷம் நிலைகொள்ளவில்லை. இசக்கி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் பதினோரு வருஷமாக வீட்டில் கிடக்கிற ஒரு பழம் எப்படித் தன் கண்ணில் படாமல் போயிற்று என்பதுதான் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். சகோதரர்கள் மூவரும் தேட ஆரம்பித்தார்கள். பரணில் தேடினார்கள், குதிருக்குள் இறங்கித் தேடினார்கள், தெருவிலேயே கிடந்த பீரோவைக் குடைந்தார்கள். பழத்தைக் காணோம்.

சொரிமுத்து தம்பிகளைக் கூடத்தில் நிறுத்தினான். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "நேத்துப் படத்துல இருந்த பழம் இன்னைக்கு வீட்டுல இல்ல. உள்ளதைச் சொல்லுங்கல. யாரு தின்னது?" என்று கேட்டான்.

மாசானம் சத்தியம் செய்தான். பூதப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் யோசித்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"நாந்தாண்ணே தின்னிருப்பேன். லேசாப் புளிச்சுது."