எல்லையை வளைத்த ஆள்காட்டி

அந்தக் காலத்தில், யானையும் குருவியும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆள்காட்டிக் குருவியும் மற்றப் பறவைகளைப் போல நன்றாகவே கூடு கட்டி வந்தது. அதுவும் கண்ட இடத்தில் கட்டாது. மேல்நாட்டுக்கும் கீழ்நாட்டுக்கும் நடுவே ஓடிய கள்ளிவேலியில்தான் கட்டும். எல்லை வேலியைத் தொட்டவன் கையை அரசன் வாங்கிவிடுவான். அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் ஏது என்பது அதன் நினைப்பு.

நினைப்பு சரிதான், அரசன் நிலையாக இருந்தால். ஒருவன் போய் இன்னொருவன் வந்ததும் எல்லையைத் தள்ளிப் போட்டான். பழைய வேலியை வெட்டித் தீ வைத்தார்கள். கூடும் முட்டையும் அதோடு போயின. குருவி அழுதது. புதிய வேலி வளர்ந்ததும், புத்தி வராமல், அதிலேயே போய்க் கட்டியது. பிறகு அவன் மகன் பட்டத்துக்கு வந்தான். அப்பன் போட்ட எல்லை அவனுக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் வெட்டு, மறுபடியும் தீ.

இந்தத் தடவை குருவி அழவில்லை. இனி எவன் வேலியும் வேண்டாம் என்று முடிவு செய்து, வெறும் பொட்டலில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டு உட்கார்ந்துவிட்டது.

புது எல்லை அந்தப் பொட்டல் வழியாகத்தான் வந்தது. அந்நாளில் எல்லை போட ஒரு பெண் யானையை நடக்க விடுவார்கள். யாரும் அதை ஓட்டக்கூடாது. தன் போக்கில் அது நடந்த தடம்தான் எல்லை. பின்னாலேயே ஆட்கள் கல் நட்டு, கள்ளி வைத்துக்கொண்டு வருவார்கள்.

யானை நெருங்கியதும் குருவி முட்டைக்கு முன்னால் சிறகை விரித்து நின்று, தொண்டை கிழியக் கத்தியது. யானை தூக்கிய காலைத் தூக்கியபடியே குனிந்து பார்த்தது.

“தள்ளிப் போ தாயி. நான் கோணினா எல்லையும் கோணிடும். அதோ தெரியுதே ஊரு, அது இந்த நாட்டுலேருந்து அந்த நாட்டுக்குப் போயிடும்” என்றது.

“ஊரு எங்கேயும் போகாதுக்கா. இருந்த இடத்துலதான் இருக்கும், பேருதான் மாறும். அடுத்த ராசா வந்தா அதுவும் மாறும். நீ கால வச்சா என் புள்ளைங்க திரும்பி வருமா?”

பின்னால் வந்த அதிகாரி அதியரையனுக்குப் பொறுமை போய்விட்டது. அங்குசத்தால் ஒரு குத்துக் குத்தச் சொன்னான். பாகன் நக்கன் அசையவில்லை. “அங்குசம் பட்ட நடை எல்லைக்கு ஆகாதுங்க. மொதல்லேருந்து நடக்கணும்” என்றான். நடந்து வந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு அதிகாரி பின்னுக்கு நகர்ந்துகொண்டான்.

யானையும் ஈன்றவள்தான். காலைப் பக்கவாட்டில் வைத்து, முட்டையைச் சுற்றிக்கொண்டு, திரும்பிய அந்தத் திசையிலேயே மேலே நடந்து போனது. கல்லும் கள்ளியும் அதன் பின்னாலேயே வளைந்தன. அந்த ஊரில் காலையில் மேல்நாட்டுக்காரர்களாக வயலுக்குப் போனவர்கள், சாயங்காலம் கீழ்நாட்டுக்காரர்களாக வீடு திரும்பினார்கள். குடித்தது அதே கஞ்சிதான். பொட்டலில் குஞ்சுகள் பொரிந்தன.

அந்த எல்லை பிறகு எத்தனையோ தடவை மாறிவிட்டது. நாடு போய் மாவட்டம் வந்தது, மாவட்டமும் இரண்டாகப் பிரிந்தது. யானை வளைந்து போன அன்று முதல்தான் ஆள்காட்டி கூடு கட்டுவதை விட்டு வெறுந்தரையில் முட்டையிடுகிறது. நிலம் அளக்கச் சங்கிலியோடு வருகிறவன் தலைக்கு மேலே வட்டமிட்டு, அவன் ஒதுங்கிப் போகும்வரை கத்துகிறது.