கொண்டலாத்தியின் பரிந்துரை

மூங்கில்காட்டுக் குட்டிகளுக்கு வேலை பழக இடம் தேடிக் கொடுப்பதற்கென்றே பறவைகள் ஒரு சங்கம் வைத்திருந்தன. அதற்குத் தலைவி கொண்டலாத்திப் பறவை. தலையில் அழகான கொண்டை வேறு இருந்ததா, பதவி அதற்குப் பொருத்தமாகவே இருந்தது!

எத்தனையோ குட்டிகளுக்கு அது நல்ல இடம் பார்த்துக் கொடுத்திருந்தது. பஞ்சு என்ற குரங்குக் குட்டிக்கு மட்டும் எதுவும் அமையவில்லை. மர உச்சியில் உட்கார்ந்து காவல் காக்கும் வேலையைப் பழக வேண்டும் என்பது பஞ்சுவின் ஆசை. கண்கள் நல்ல கூர்மை. ஆனால் ஒரு குறை இருந்தது.

"பயந்துட்டா எனக்குத் தொண்டை அடைச்சுக்குது அக்கா! கத்தவே வரல. அதைச் சொன்னாலே எல்லாரும் வேணாம்னுடறாங்க" என்று பஞ்சு கண் கலங்கியது.

கொண்டலாத்திக்கு மனசு கேட்கவில்லை.

"இனிமே நீ யாருகிட்டயும் அதைச் சொல்லாதே கண்ணு! நான் பேசிக்கிறேன்!"

நேராக மான் கூட்டத்திடம் பறந்து போனது. தலை குனிந்து புல் மேயும் மான்களுக்குச் சிறுத்தை வருவது தெரியாது. மரத்தின் மேலிருந்து குரங்கு குரல் கொடுத்தால்தான் ஓடிப் பிழைக்கும். கூட்டத்தின் தலைவி மருதி என்ற மான். காவலுக்கு ஒரு குரங்குக் குட்டி இருக்கிறது என்று கொண்டலாத்தி அதனிடம் சொன்னது.

"குட்டி எப்படிங்க?" என்று மருதி கேட்டது.

"கண்ணு ரொம்பக் கூர்மை!"

"குரல் எப்படி? எங்க குட்டிங்க உசிரே அதுலதான் இருக்கு."

கொண்டலாத்தி கொஞ்சம் தயங்கியது. பிறகு, "குரலா? கணீர்னு இருக்கும்!" என்றது.

சொல்லும்போது கூச்சமாகத்தான் இருந்தது. பாவம், ஒரு குட்டிக்கு வழி பிறக்கட்டுமே என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டது. நாம் மட்டும் என்ன, பொய் சொல்ல நல்ல காரணம் கிடைத்தால் விட்டுவிடுகிறோமா?

பஞ்சு வேலையில் சேர்ந்தது. மான் குட்டிகளோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. அவற்றில் எல்லாவற்றையும்விடச் சின்னதான பொரி என்ற குட்டிக்கு நாவல் பழம் பறித்துப் போடும். பொரி தின்று முடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று துள்ளும்.

ஒரு நாள் மாலை, புதர் ஓரமாகச் சிறுத்தை பதுங்கிப் பதுங்கி வந்தது. முதலில் பார்த்தது பஞ்சுதான். வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. மறுபடியும் திறந்தது. கண்ணீர்தான் வந்தது.

சிறுத்தை பாய்ந்தது! மான்கள் சிதறி ஓடின. பொரி எப்படியோ தப்பிவிட்டது. ஆனால் அதன் பின்னங்காலைச் சிறுத்தையின் நகம் ஆழமாகக் கிழித்துவிட்டது.

ஆபத்து விலகியதும் மான்கள் மரத்தடியில் கூடின.

"பார்த்துக்கிட்டே சும்மா உக்காந்திருந்திருக்கு!"

"இந்தக் காட்டுல இனி யாரும் இதுக்கு வேலை குடுக்கக் கூடாது!"

"தப்பு என்னோடதுதான்" என்று பஞ்சு தேம்பியது. கொண்டலாத்தியின் பெயரை அது எடுக்கவே இல்லை.

சேதி கேட்டு விரைந்து வந்த கொண்டலாத்தி பக்கத்துப் புதரில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அதன் தலைவி பதவிக்கு ஒரு குறையும் வராது. பஞ்சுவின் வாழ்க்கைதான் அத்தோடு முடிந்து போகும். அழுகிற குட்டியைப் பார்க்கப் பார்க்க அதற்குப் பொறுக்கவில்லை. பறந்து வந்து நடுவில் இறங்கியது.

"பஞ்சு என்கிட்ட எதையும் மறைக்கல. பயந்தா குரல் வராதுன்னு முன்னாடியே சொல்லிச்சு. உங்ககிட்ட பொய் சொன்னது நான்! தண்டனையை எனக்குக் குடுங்க!"

பொரியின் காயத்தை நக்கிக்கொண்டிருந்த மருதி தலை நிமிர்ந்தது.

"ஏங்க மறைச்சீங்க?"

"சொன்னா நீங்களும் வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன்."

"குரல் வராட்டி என்ன? கிளையைப் பிடிச்சு உலுக்குன்னு சொல்லிக் குடுத்திருப்பேனே! இலை சலசலத்தா எங்களுக்குப் போதாதா? இவ்வளவு பெரிய காது எங்களுக்கு எதுக்கு இருக்கு?"

கொண்டலாத்தி பொரியின் காலைப் பார்த்தது. ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் போதும், பொரிக்குக் காயம் பட்டிருக்காது.

மருதி மரத்தை நிமிர்ந்து பார்த்தது. "அழாதே பஞ்சு. நாளைக்கும் வா. கிளை உலுக்கப் பழகலாம்" என்றது. சில மான்கள் முணுமுணுத்தன. மருதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொண்டலாத்தி அன்றே சங்கத்தைக் கூட்டி, நடந்ததைச் சொல்லி, தலைவி பதவியிலிருந்து விலகியது. பஞ்சு நல்ல காவல்காரியாகத் தேறியது. ஆனால் பொரியின் கால் கடைசி வரை சற்று நொண்டிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கொண்டலாத்தியின் நெஞ்சு வலித்தது.

பிள்ளைகளை வேலை பழக அனுப்புகிறவர்கள் அவர்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இரக்கப்பட்டுச் சொல்லும் பொய், கிடைக்க வேண்டிய உதவியையும் அவர்களுக்குக் கிடைக்காமல் செய்துவிடும்.