இருபத்தெட்டு வீட்டில் இருந்தது

செல்போன் வராத காலத்தில், ஒரு தோள்பையில் மூன்று கேமரா லென்சுகள் குடியிருந்தன. அவற்றின்மேல் பொறித்த மில்லிமீட்டர் எண்தான் அவற்றின் பெயர். எதற்கும் காட்சியைக் கிட்டே இழுக்கவோ தள்ளி வைக்கவோ தெரியாது. இருபத்தெட்டு அகலமாகப் பார்க்கும். ஐம்பது நடுத்தரமாகப் பார்க்கும். எண்பத்தைந்து ஒரு முகத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பார்க்கும்.

பையின் சொந்தக்காரர் இளவழகன் தென்காசிக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டார். கூடவே அவருடைய இரண்டு மாமாக்கள், மாசிலாமணியும் தணிகாசலமும். அண்ணன் தம்பிதான், பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அவர்களுடைய அக்கா, இளவழகனின் அம்மா வேதம்மாள், நடமாட முடியாதவர்.

"ரெண்டு பேரையும் சேத்து ஒரே ஒரு படம் எடுத்துட்டு வாடா. நான் பாத்துட்டுப் போறேன்" என்றார்.

தோள்வலி என்பதால் ஒரே லென்ஸ் என்று முடிவு செய்தார் இளவழகன். ஆல்பத்தை எண்ணினார். அறுபத்து நான்கு படங்களில் எண்பத்தைந்து எடுத்தவை நாற்பத்தொன்று. ஐம்பதுக்குப் பதினேழு. இருபத்தெட்டுக்கு ஆறு.

"ஆறா?" என்று சிரித்தது எண்பத்தைந்து. "அதிலும் மூன்றில் செருப்பு விழுந்திருக்கும்."

"செருப்பு அங்கே இருந்தது, விழுந்தது. இது இரண்டு பேர் சமாசாரம், தம்பி. நான் போகிறேனே" என்றது இருபத்தெட்டு.

"நீங்கள் போனால் பக்கத்து ஆளின் முழங்கையும் வரும், அண்ணே. நான் வேண்டாததைக் கரைத்துவிடுவேன். அதனால்தான் அவருக்கு என்மேல் பிரியம்."

"என்னை யாராவது கேட்டீர்களா?" என்றது ஐம்பது. யாரும் கேட்கவில்லை. இளவழகன் எண்பத்தைந்தை மட்டும் கேமராவில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ரயில் திண்டிவனம் தாண்டும்வரை மாமாக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்திருந்தார்கள். பிறகு தணிகாசலம் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாத் துண்டை அண்ணன் பக்கம் நீட்டினார்.

"பல்லு இருக்கா இன்னும்?"

"உன்னைக் கடிக்கிற அளவுக்கு இருக்கு" என்று வாங்கிக்கொண்டார் மாசிலாமணி. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

இளவழகன் கேமராவைத் தூக்கினார். எதிர் சீட்டு நான்கு அடி தூரம். ஒரு முகம்தான் அடங்கியது. எழுந்து நடைபாதையின் ஓரத்துக்குப் போனார். ஏழு அடி. அங்கிருந்து பக்கவாட்டில் அண்ணன் முன்னாலும் தம்பி அவருக்குப் பின்னாலும் தெரிந்தார்கள்.

"இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஆனால் ஒருவர்தான் துலங்குவார்" என்றது எண்பத்தைந்து.

"கண்ணைச் சுருக்கிக்கொள், இரண்டு பேரும் துலங்குவார்கள்" என்றது கேமரா.

"பொழுது சாய்ந்துவிட்டது. சுருக்கினால் இருட்டிப்போகும். வண்டியும் ஆடுகிறது."

"அப்படியானால் யாரைக் கரைக்கப்போகிறாய்?"

எண்பத்தைந்து பதில் சொல்வதற்குள் இளவழகன் விரல் அழுத்திவிட்டது.

கல்யாணத்தில் பந்தியில் உட்காரும்போது மாமாக்களுக்குள் மறுபடி வார்த்தை தடித்தது. தனித்தனி ரயிலில் திரும்பினார்கள்.

பத்தாம் நாள் படம் கழுவி வந்தது. மாசிலாமணியின் சிரிப்பில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. வேதம்மாள் வெகுநேரம் பார்த்தார்.

"மாசிலா நல்லா இருக்கான். பக்கத்துல யாருடா?"

"சின்ன மாமாதாம்மா. அவர்தான் கொய்யா குடுத்தார்." மங்கலாக இருந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினார் இளவழகன்.

வேதம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எனக்குத்தான் கண்ணு போயிடுச்சு போல" என்றார்.

"உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை, அம்மா" என்றது மேசைமேல் இருந்த எண்பத்தைந்து. லென்சுகள் பேசுவது மனிதர்களுக்குக் கேட்பதில்லை.