நாலரை மணி அழைப்பு

"'வண்டியில ஏறுறவன் வீட்டை...' அப்படின்னு அப்பா ஏதோ சொல்வாரு டீச்சர். வீட்டை மறந்துட்டு ஏறணும்னா, பூட்டிட்டு ஏறணும்னா, நெனப்பில்ல."

"அதைக் கேக்கவா ஞாயித்துக்கிழமை வந்த?" என்றார் கார் ஓட்டச் சொல்லித்தரும் ரோஸ்லின் டீச்சர்.

இல்லை.

குணசீலன் பள்ளி வேன் ஓட்டுகிறவர். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் தினமும் நாலரைக்குக் கூப்பிடுவாள். அவளுக்கு ஓய்வு அந்தப் பத்து நிமிடம்தான். வேனில் பிள்ளைகள் நிறைந்திருக்கும் நேரமும் அதுதான்.

வெள்ளிக்கிழமை அப்படிப் பேசிக்கொண்டே போனபோது, ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அலறிய பிறகுதான் இவருக்குத் தெரிந்தது.

"ஹெட்செட்லதான் டீச்சர் பேசுறேன். கை ஸ்டீயரிங்ல, கண்ணு ரோட்டுல. இதுல என்ன தப்பு?"

டீச்சர் கார் சாவியை எடுத்து அவரிடம் வீசினார்.

வெளியே அதே பழைய கார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் குணசீலன் டீச்சரிடம் ஓட்டப் பழகியது.

கதவைத் திறந்ததும் வெயிலில் காய்ந்த ரெக்ஸின் வாசனை அடித்தது. அன்று ஓட்டிப் பழகிய குளத்தங்கரைத் திடலும் அப்படியே கிடந்தது. அப்போதெல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பினால் கிளம்பியதுதான். எங்கே இருக்கிறாய் என்று போனில் கேட்க ஆளில்லை. திரும்பி வரும்வரை சோறு மூடியே இருக்கும்.

"கிளட்சைப் போட்டு மிதிக்காதே. இன்னும் அந்தக் கால் திருந்தலையா?" என்றார் பக்கத்து சீட்டில் இருந்த டீச்சர்.

குணசீலன் சிரித்தார்.

நாலரை. போன் அடித்தது.

"எடு" என்றார் டீச்சர்.

எடுத்தார். சாப்பாடு, காய்ச்சல், அடுத்த மாத லீவு. மகள் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தார். கார் திடலை இரண்டு சுற்று சுற்றியது.

அழைப்பு முடிந்ததும் நிறுத்தினார்.

"பாத்தீங்களா? எங்கேயாவது இடிச்சேனா?"

"இல்லை. எத்தனை தடவை பிரேக் போட்ட?"

"மூணு இருக்கும்."

"எதுக்கெல்லாம்?"

குணசீலன் திரும்பித் திடலைப் பார்த்தார்.

"ஒரு தடவை ஆட்டுக்குட்டி. ஒரு தடவை பள்ளம். ஒரு தடவை விறகு சுமந்துட்டுப் போன அந்தம்மா."

டீச்சர் சேலையைக் கொஞ்சம் நகர்த்தினார். பயிற்சிக் காரில் சொல்லித்தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதன் ரப்பர் தேய்ந்து பளபளத்தது.

"மூணும் நான் போட்டது."

குணசீலன் குனிந்து அந்த பிரேக்கைப் பார்த்தார்.

"நாளைக்கு உன் வேன்ல எனக்கு எந்தப் பக்கம் சீட்டு, குணா?"

குணசீலன் காரைவிட்டு இறங்கினார். மகளைத் திரும்பக் கூப்பிட்டு, இனி நாலரைக்குக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னார்.